முள் இல்லாத வில்வம்: ஒரு பை காய்ந்த இலையும் ஒரு நுண்ணோக்கியும்

சிவராத்திரிக்கு ஐந்து வாரம் இருந்தபோது அந்தப் பை என் கைக்கு வந்தது. சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் காய்கறி போட்டுத் தரும் சிவப்பு பிளாஸ்டிக் பை. உள்ளே நாலைந்து கைப்பிடி காய்ந்த சிற்றிலைகள். காம்பு கிடையாது, கொப்பு கிடையாது. நிறம் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே. கொண்டு வந்தவர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தை ஏறக்குறைய தனி ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். வயது 78.

“டீச்சர், இது வில்வமா இல்லையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்” என்றார்.

நான் உயிரியல் ஆசிரியை. பள்ளியில் கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். 40, 100, 400 மடங்கு என்று மூன்று லென்ஸ் அதில் உண்டு. இலையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை என்பது தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பை என்னிடம் வந்தது. அந்த ஐந்து வாரத்தில் என்ன செய்தேன், எங்கே தவறினேன், எதை வைத்து முடிவுக்கு வந்தேன் என்பதை முழுதாக எழுதிவைக்கிறேன். பூவோ காயோ இல்லாமல் ஒரு செடியை அடையாளம் காண வேண்டியிருக்கும் யாருக்காவது உதவும்.

கேள்வி எங்கிருந்து வந்தது

நான்கு வருடத்துக்கு முன் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் நண்பர் ஒருவர், ‘வில்வம்’ என்று சொல்லி ஒரு கொப்பை வேர்விடச் செய்து பெரியவருக்குக் கொடுத்திருக்கிறார். மரம் நன்றாக வந்தது. மூன்று மூன்றாகச் சிற்றிலை. இரண்டு சிவராத்திரிக்கு அந்த இலைதான் அக்கம்பக்கத்து வீடுகளின் பூசைக்குப் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருடம் இரண்டு பேர் இலையைக் காயவைத்துப் பொடித்துக் குடிக்கலாம், சர்க்கரைக்கு நல்லது என்று ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தோட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர், “வில்வத்துக்கு முள் இருக்கணுமே ஐயா, இதுல ஒண்ணுகூட இல்லையே” என்று கேட்டிருக்கிறார்.

சரியான கேள்வி. ஆனால் முள் இல்லை என்பதை மட்டும் வைத்து வில்வம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முள் குறைந்த, முள்ளே இல்லாத வில்வ ரகங்களும் உண்டு.

மரத்தையே போய்ப் பார்த்தால் ஆயிற்றே என்று நினைப்பீர்கள். நானும் ஓடித்தான் போனேன். கிளைகள் நடைபாதைப் பக்கம் சாய்ந்துவிட்டன என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் பெரியவர் மரத்தை மொட்டையாகக் கழித்துவிட்டிருந்தார். ஆள் உயரத்துக்கு நாலு கட்டைதான் நின்றது. வெட்டிய கொப்புகளிலிருந்து சிற்றிலையை மட்டும் உருவிக் காயவைத்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டிருந்தார். ஆக, கையில் இருந்தது அந்தப் பை மட்டும்தான்.

பூசைக்கு எந்த இலையை வைப்பது என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. அதில் நான் தலையிட மாட்டேன். வயிற்றுக்குள் போகும் இலை அப்படியில்லை. பெயர் உறுதியாகத் தெரியாத இலையை ஒருவர் கொதிக்கவைத்துக் குடிக்கக் கூடாது. இதில் எனக்கு வளைந்துகொடுக்க மனமில்லை. முடிவு தெரியும்வரை பொடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

யார் யார் சந்தேகப் பட்டியலில்

மூன்று சிற்றிலை, முள் இல்லை, மரம். நம் ஊர்களில் இந்த விவரத்துக்குப் பொருந்துகிறவை சில உண்டு. வில்வம். வில்வத்தோடு அடிக்கடி குழப்பப்படும் மாவிலங்கம். ரப்பர். கல்யாண முருங்கை. நொச்சியையும் முதலில் சேர்த்தேன்.

நொச்சி ஒரு நிமிடத்தில் வெளியே போனது. நொச்சியிலையின் அடிப்பக்கம் பொடி ரோமத்தால் வெளுத்திருக்கும். கைலென்ஸில் பார்த்தபோது இந்தச் சிற்றிலைகளில் அப்படி ரோமமே இல்லை. கல்யாண முருங்கையின் நடுச் சிற்றிலை நீளத்தைவிட அகலம் கூடியது. பையில் இருந்தவை எல்லாம் நீண்டு நுனி கூர்ந்தவை.

ரப்பரை நீக்கியது நான் இல்லை, பெரியவர். சிறு வயதில் ஜொகூரில் தோட்டத்தில் அப்பா அம்மாவோடு பால் எடுத்தவர் அவர். “நாலு கொப்பு வெட்டினேம்மா. ஒரு சொட்டுப் பால் வரல. பால் மரத்த எனக்குத் தெரியாதா?” என்றார். ரப்பர் கன்றுகள் 22, லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கு, வந்தன. 1888இல் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் செம்மைப்படுத்தினார். அந்தக் கன்றுகளின் பின்னால் கடல் தாண்டி வந்த குடும்பங்களில் ஒன்று பெரியவருடையது. கைவிடப்பட்ட தோட்டங்களிலிருந்து பரவிய ரப்பர் இன்றும் நம் காட்டோரங்களில் தானாக முளைக்கிறது, அதனால் அதைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனாலும் பெரியவரின் சொல்லை நான் ஆதாரமாகவே குறித்துக்கொண்டேன். பால் குழாய் இருப்பதும் இல்லாததும் உள்ளமைப்புச் செய்திதான். அதை அவர் கத்தியால் வெட்டிக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

மீதி இரண்டு: வில்வம், மாவிலங்கம். தாவரவியல் பெயர் சொன்னால் ஏகிள் மார்மெலோஸ், கிரடேவா. முதலாவது ரூட்டேசி குடும்பம், எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் சொந்தம். இரண்டாவது கப்பாரேசி குடும்பம், கடுகுக்கும் முருங்கைக்கும் பப்பாளிக்கும் தூரத்துச் சொந்தம். சிற்றிலை மூன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவு ஒன்றும் இல்லை.

இலைக்குள் என்ன எழுதியிருக்கிறது

ஒரு கறிவேப்பிலையைப் பறித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் இலை முழுதும் தெரியும். பக்கத்தில் ஒரு வேப்பிலையை அதே மாதிரி பிடித்தால் அந்தப் புள்ளிகள் கண்ணுக்குப் படாது. கறிவேப்பிலையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் எண்ணெய் சேர்த்துவைக்கும் ஒரு குட்டி அறை. இலைச்சதைக்குள் உருண்டையான வெற்றிடம், அதைச் சுற்றி மெல்லிய செல்கள் சுவர் கட்டியிருக்கும். அந்தச் செல்கள்தான் எண்ணெயைச் சுரக்கின்றன. தாளிக்கும்போது வரும் வாசம் அங்கிருந்து வருகிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாவற்றிலும் இந்த அறை உண்டு. ரூட்டேசி குடும்பத்தின் முத்திரை என்றே சொல்லலாம்.

ஆனால் புள்ளி இருந்தால் உடனே ரூட்டேசி என்று எழுதிவிடக் கூடாது. கொய்யாவிலும் நாவலிலும் எண்ணெய் அறை உண்டு, அவை மிர்டேசி குடும்பம். அங்கே நரம்புக் கற்றையில் நீர் கடத்தும் சைலத்துக்கு இரண்டு பக்கமும் உணவு கடத்தும் ஃபுளோயம் இருக்கும், ரூட்டேசியில் அப்படி இருக்காது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் மாணவர்களிடம் சொல்லும்போது இந்தக் கொய்யா இலையைத்தான் கையில் கொடுப்பேன்.

இப்படி ஒவ்வொரு குடும்பமும் தன் இலைக்குள் ஏதாவது ஒன்றை வைத்திருக்கிறது. ஆலிலையைக் குறுக்கே வெட்டினால் புறத்தோலை ஒட்டி, பெரிய செல்லுக்குள் திராட்சைக் குலை தொங்குவது போல ஒரு சுண்ணாம்புக் கட்டி தெரியும். சிஸ்டோலித் என்று பெயர். சேப்பங்கிழங்கு இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகம், நாக்கில் அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அரளி இலையின் அடிப்பக்கத்தில் குழி குழியாக இருக்கும். இலை மூச்சுவிடும் இலைத்துளைகள் அந்தக் குழிக்குள்தான், குழியின் சுவரெல்லாம் ரோமம். வகுப்பில் அரளியை வெட்டிக் காட்டும் நாளில் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை.

இலைத்துளையைச் சுற்றி நிற்கும் துணைச் செல்களின் ஒழுங்கும் ஒரு சாட்சி. வெட்சிப்பூச் செடியில், துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களுக்கு இணையாக இரண்டு பக்கமும் துணைச் செல் நிற்கும். துளசியில் குறுக்கே இரண்டு. கடுகில் மூன்று, அதில் ஒன்று சிறியது. இந்த வகைகளுக்கு இன்று நாம் பயன்படுத்தும் அனோமோசைட்டிக், பாராசைட்டிக் போன்ற பெயர்களை 1950இல் தாவரவியலாளர்கள் மெட்காஃபும் சாக்கும் சூட்டினார்கள். அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், பிரான்சில் வெஸ்க் என்ற தாவரவியலாளர் இந்த ஒழுங்குகளைக் குடும்ப வாரியாகப் பிரித்திருந்தார். மியூனிக்கில் ராட்ல்கோஃபர் என்ற தாவரவியலாளர், பூவில்லாமல் கிடக்கும் உலர்மாதிரிகளையும் உள்ளமைப்பை வைத்து வகைப்படுத்தலாம் என்று வாழ்நாள் முழுதும் வாதாடிச் செய்தும் காட்டினார். என் பையில் இருந்ததும் அப்படி ஒரு பூவில்லாத உலர்மாதிரிதான்.

முதல் நாள் நான் செய்த தவறு

காய்ந்த இலையை அப்படியே வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். வெந்நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். துவண்டு வந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை, இலை அவ்வளவு கறுத்திருந்தது. ஆகவே வீட்டுப் பிளீச்சில் பாதி தண்ணீர் கலந்து ஒரு சிற்றிலையை இரவு முழுதும் போட்டேன். காலையில் பச்சையமும் பழுப்பும் போய், நரம்பு மட்டும் தெரியும் வெள்ளைத் துணி மாதிரி ஆகியிருந்தது. (பிளீச் இருக்கும் கிண்ணத்தில் வினிகரோ வேறு அமிலமோ பட்டுவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.)

கழுவி, கண்ணாடித் தகட்டில் வைத்து 40 மடங்கில் பார்த்தேன். பளபளவென்று வட்டப் புள்ளிகள். இலை முழுக்க.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். வில்வம்தான் என்று பெரியவருக்குச் செய்தி அனுப்பத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மேல்கண்ணாடியை லேசாக அழுத்தினேன். இரண்டு புள்ளிகள் நகர்ந்து ஒன்றாகச் சேர்ந்தன.

எண்ணெய் அறை நகராது. நான் பார்த்தது காற்றுக் குமிழி. காய்ந்த இலையின் செல் இடைவெளிகளில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும், வெந்நீரில் பத்து நிமிடம் அதை முழுதாக வெளியேற்றாது. அதே இலையை 70 சதவீத ஸ்பிரிட்டில் அரை நாள் வைத்து மறுபடி தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். புள்ளி ஒன்றுகூட இல்லை.

செய்தியை அனுப்பியிருந்தால் இரண்டு வீட்டில் அன்றைக்கே பொடி அரைத்திருப்பார்கள். அதை நினைத்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் இலை

அதற்கப்புறம் முறையாகச் செய்தேன். ஒப்பிடுவதற்கு உறுதியான வில்வம் வேண்டும். பூக்கடையில் வாங்கலாம்தான், ஆனால் கடையில் தருவது வில்வம் என்பதற்கு யார் சாட்சி? சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு சந்தேகத்தைக் கொண்டுவரக் கூடாது. செராங்கூன் பக்கம் தரைவீட்டில் இருக்கும் தோழி வீட்டில் ஒரு வில்வ மரம் காய்க்கிறது. ஓடு தட்டினால் டொக்கென்று கேட்கும் அந்தக் காயைப் பார்த்த பிறகு மரத்தின் பெயரில் சந்தேகம் வராது. அங்கே போய் இலை பறித்து, பெரியவர் செய்தது போலவே சிற்றிலையை உருவி, அதே மாதிரி காயவைத்தேன். பச்சை இலையையும் காய்ந்த இலையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் மரத்தால் வந்ததா, காயவைத்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

மூன்றாவதாக என் வீட்டு நடைவழித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலை. அதையும் காயவைத்தேன். ரூட்டேசி இலை காய்ந்தபின்னும் எண்ணெய் அறை தெரிகிறதா என்று சரிபார்க்க.

வெட்டுவதற்கு நான் பயன்படுத்துவது சவரப் பிளேடும் கேரட்டும். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, நடுவே ஒரு கீறல் போட்டு, ஊறிய இலைத் துண்டை அதற்குள் செருகிவிட வேண்டும். பிளேடை நனைத்து, தன் பக்கமாக இழுத்து, கேரட்டோடு சேர்த்துச் சீவ வேண்டும். இருபது சீவினால் இரண்டு தேறும். கண்ணாடி மாதிரி மெலிந்தவற்றைத் தூரிகையால் எடுத்து டொலூயிடின் நீலத்தில் ஒரு நிமிடம் வைத்தேன். இந்தச் சாயம் ஒன்றே என்றாலும் மெல்லிய செல் சுவர் ஊதாவாகவும் மரத்தன்மை ஏறிய சைலம் பச்சை கலந்த நீலமாகவும் பிரிந்து தெரியும்.

முதலில் வில்வம். மேலே புறத்தோல், அதன் கீழே வேலிக்கால் நட்டது போல நெருங்கி நிற்கும் பாலிசேட் செல்கள், அதற்கும் கீழே இடைவெளி விட்டுச் சிதறிய ஸ்பாஞ்சி செல்கள். அந்தப் பாலிசேட் வேலியை உடைத்துக்கொண்டு ஒரு உருண்டை அறை. சுவரில் தட்டையான செல்கள், வளையல் அடுக்கியது போல. எண்ணெயைச் சிவப்பாக்கும் சூடான் என்ற சாயம் விட்டதும் அறைக்குள் மிச்சமிருந்த எண்ணெய் செந்நிறமாகத் தெரிந்தது. கறிவேப்பிலையிலும் அதேதான். காய்ந்தபின்னும் அறை அழியவில்லை என்பது உறுதியாயிற்று.

பிறகு பையில் இருந்த இலை. புறத்தோல், பாலிசேட், ஸ்பாஞ்சி, நரம்பு. அறை இல்லை.

ஒரு வெட்டில் இல்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. அறைகளுக்கு இடையில் பிளேடு போயிருக்கலாம். இருக்கிறது என்று காட்ட ஒரு நல்ல வெட்டு போதும், இல்லை என்று காட்ட நிறைய வேண்டும். பையின் வெவ்வேறு மூலைகளிலிருந்து 12 சிற்றிலை எடுத்து, ஒவ்வொன்றிலும் நுனி, நடு, அடி என்று மூன்று இடத்தில் வெட்டினேன். அதோடு 12 சிற்றிலையிலும் ஒரு பாதியைப் பிளீச்சில் வெளுத்து, இந்தத் தடவை காற்றை ஒழுங்காக வெளியேற்றி, முழுப் பரப்பையும் பார்த்தேன். தோழி வீட்டு வில்வத்தில் 40 மடங்கில் எந்தப் பக்கம் தகட்டை நகர்த்தினாலும் அறைகள் கூட்டமாகத் தெரிகின்றன. பையின் இலைகளில் ஒன்றில்கூட, ஒரு மூலையில்கூட இல்லை.

பையில் இருந்தது வில்வம் இல்லை. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

வில்வம் இல்லை என்றால் வேறென்ன

ஒரு செடியைப் பட்டியலிலிருந்து நீக்குவதில் உள்ளமைப்பு மிகவும் வலுவானது. இன்னது என்று சொல்வதில் அந்த அளவு வலு கிடையாது. மாவிலங்கம் என்று சொல்ல மூன்று சாட்சிகளைத் தேடினேன்.

முதலாவது இலையின் உருவத்திலேயே இருந்தது. முழுதாகக் கிடைத்த சிற்றிலைகள் 36. மேசையில் பரப்பி அடிப்பாகத்தைப் பார்த்தபோது சிலவற்றில் இடமும் வலமும் சமமாக இருந்தது, சிலவற்றில் ஒரு பக்கம் கோணலாக இறங்கியிருந்தது. பிரித்து எண்ணினேன். கோணல் 25, சமம் 11. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. காம்பு இல்லாமல், மரம் மொட்டையாக நிற்கும்போது, மூன்று மூன்றாக இருந்த இலையின் ஒழுங்கை அந்த எண்ணிக்கை திருப்பிக் கொடுத்தது: நடுவில் ஒன்று சமம், பக்கத்தில் இரண்டு கோணல். மாவிலங்கத்தின் பக்கச் சிற்றிலைகள் அப்படித்தான் இருக்கும். விளிம்பும் வெட்டில்லாமல் வழவழப்பாக ஓடியது. வில்வத்தின் விளிம்பில் மெல்லிய அலை போன்ற பற்கள் இருக்கும். அன்று இரவு அந்த மேசையைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

இரண்டாவது வாசம். கடுகுக் கூட்டத்துச் செடிகளில் காரத்துக்கு முந்திய ஒரு பொருள் ஒரு செல்லிலும், அதை உடைத்துக் காரமாக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்லிலும் பிரிந்து இருக்கும். இலையைக் கசக்கினால்தான் இரண்டும் சேரும். காய்ந்த கடுகுத்தூளை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் விட்டுக் குழைத்துச் சற்று விட்டால் மூக்கில் ஏறும், அது இதனால்தான். முருங்கை வேரிலும் பப்பாளி விதையிலும் இருக்கும் காரம் இதே வேலைதான். காய்ந்த சிற்றிலை இரண்டைப் பொடித்து, பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, சின்ன கண்ணாடிக் குப்பியில் மூடிவைத்தேன். இன்னொரு குப்பியில் அதே அளவு பொடி, ஆனால் கொதிக்கும் நீரில் வேகவைத்து ஆறவைத்தது. கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது முதல் குப்பியில் மெல்லிய கடுகுக் காரம். வெந்ததில் வெறும் கீரை வாசம், நொதி வெப்பத்தில் கெட்டுவிட்டது. எது எந்தக் குப்பி என்று சொல்லாமல் என் கணவரிடமும் மகளிடமும் நீட்டினேன். இருவரும் சரியாகச் சொன்னார்கள். வில்வப் பொடியில் இரண்டு குப்பியிலும் அந்தக் காரம் இல்லை.

மூன்றாவதாக அந்த நொதியை வைத்திருக்கும் மைரோசின் செல்களையே நுண்ணோக்கியில் காட்ட முயன்றேன். என்னிடம் இருக்கும் சாயங்களுக்கு அது பிடிபடவில்லை. சில செல்கள் மற்றவற்றைவிட இருண்டு தெரிந்தன, ஆனால் அவை அந்தச் செல்கள்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. எனவே அதைச் சாட்சியாகச் சேர்க்கவில்லை.

இலைத்துளை வகையையும் சேர்க்கவில்லை. பார்த்தேன், வரைந்தும் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு மரத்தையும் பிரிக்க அது எனக்கு உதவவில்லை.

எதை நம்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வில்வத்தில் பாலிசேட் அடுக்கு தடித்தும் பையின் இலையில் மெலிந்தும் இருந்தது. படத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் பாலிசேட் தடிமன் வெயிலைப் பொறுத்தது. என் கறிவேப்பிலையின் பக்கக் கன்று ஒன்றைத் தோட்டத்தில் நட்டிருக்கிறோம். ஒரே வேரிலிருந்து பிரிந்த செடிகள் இரண்டும். தோட்டத்து வெயிலில் நிற்பதன் இலை தடிமனாக, பாலிசேட் நீண்டு இறுகி இருக்கிறது. நடைவழி நிழலில் நிற்பதன் இலை மெல்லிசு, பாலிசேட் குட்டை. எண்ணெய் அறையோ இரண்டிலும் இருக்கிறது. வெயிலுக்கும் நிழலுக்கும் தக்கபடி மாறுகிறதை வைத்துக் குடும்பம் சொல்லக் கூடாது. எங்கே நட்டாலும் மாறாததைத்தான் பிடிக்க வேண்டும்.

மாறாதது என்றாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. நாம் தேக்காவில் வாங்கும் தண்டுக்கீரையின் இலை நரம்பைச் சுற்றிப் பெரிய செல்கள் மாலை போலச் சூழ்ந்திருக்கும், க்ரான்ஸ் அமைப்பு என்பார்கள். அதே குடும்பத்துப் பாலக் கீரையில் அது கிடையாது. ஆனால் உறவே இல்லாத சோளத்திலும் கரும்பிலும் இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் இந்த அமைப்பு 60 தடவைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒரே தேவைக்கு ஒரே மாதிரி வீடு கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

பெரியவரிடம் சொன்னது

சிவராத்திரிக்கு 12 நாள் இருந்தபோது என் முடிவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வில்வம் இல்லை, இது உறுதி. மாவிலங்கமாக இருக்க மிகுந்த வாய்ப்பு. துளிரும் பூவும் வந்தால் முழு உறுதி. குடிக்க வேண்டாம்.

அவர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு வருஷமா சாமிக்குத் தப்பான இலையா குடுத்தேன்?” என்று கேட்டார். இதற்கு நுண்ணோக்கியில் பதில் இல்லை. “மனசறிஞ்சு குடுக்கலையே ஐயா, மாவிலங்கமும் கோயில்ல வைக்கிற மரம்தான்” என்றேன். அப்புறம் வில்வத்தின் பழைய பெயரைப் பற்றிப் பேச்சு போனது. தேவாரத்தில் அது கூவிளம். “யாப்புல தேமா, புளிமா, கருவிளம், கூவிளம்னு படிச்சோமே, அந்தக் கூவிளமா?” என்று அவர் முகம் மலர்ந்தது. அந்தக் காலத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் அவர். கூவிளம் ஒரு மரம் என்று அன்றுதான் தனக்குத் தெரியும் என்றார்.

அன்று மாலையே தோழி வீட்டிலிருந்து வில்வ இலை கொண்டுவந்து கொடுத்தேன். சிவராத்திரிக்கு அதுதான் போனது.

மரம் பதில் சொன்ன நாள்

கழித்த கட்டைகளில் சில வாரத்தில் துளிர் வந்தது. இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலையும் சேரும் இடத்தில், மேல்பக்கம் சின்னஞ்சிறு சுரப்பிகள். மூன்று சிற்றிலையும் ஏறக்குறைய ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. வில்வத்தில் நடுச் சிற்றிலைக்குத் தனியாக ஒரு நீண்ட காம்பு இருக்கும்.

துளிரோடு கூடவே நுனியில் மொட்டும் கட்டியது. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியவர் கதவைத் தட்டினார். செருப்புகூடச் சரியாகப் போடாமல் இறங்கி ஓடினேன். நான்கு வெள்ளை இதழ், ஒவ்வொன்றும் அடியில் ஒடுங்கிக் காம்பு போல. முந்தின நாள் விரிந்த பூவில் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்து ஊதா நிற மகரந்தத் தண்டுகள் இதழைத் தாண்டிச் சிலந்திக் கால் போல நீட்டிக்கொண்டிருந்தன. சூலகம் பூவின் அடியில் உட்காராமல், தனியாக ஒரு நீண்ட காம்பின் நுனியில் நின்றது. அந்தக் காம்பு கப்பாரேசியின் அடையாளம். வில்வப்பூவோ பச்சை கலந்த வெள்ளையில் சின்னதாக, நல்ல மணத்தோடு இருக்கும். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கிரடேவா பேரினம், ஐயமில்லை. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் நட்டிருப்பது கிரடேவா ரெலிகியோசா. இந்த மரம் ஜொகூரிலிருந்து கொப்பாக வந்தது, அங்கே எந்த மரத்திலிருந்து வெட்டினார்கள் என்று தெரியாது. நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கக் காயும் பார்க்க வேண்டும், காய் இன்னும் வரவில்லை. எனவே சிற்றினப் பெயர் எழுதாமல் நிறுத்தியிருக்கிறேன்.

பூவோடும் இலையோடும் ஒரு கொப்பைப் பழைய தமிழ் முரசுத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்தோம். தேதி, இடம், மரத்தின் உயரம், பூவின் நிறம் எழுதிய சீட்டு கூட இருக்கிறது, பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும் என்பதால் அதை அன்றே எழுதினேன். பூமலையில் இருக்கும் உலர்தாவரக் காப்பகத்தில் ஏறத்தாழ 7,50,000 மாதிரிகள் இப்படித்தான் தாளில் படுத்திருக்கின்றன. நுண்ணோக்கித் தகடுகளையும் அதே உறையில் போட்டு, பையில் மிச்சமிருந்த சிற்றிலைகளிலிருந்து பத்தை எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறேன். நான் தவறாகப் பார்த்திருந்தால் இன்னொருவர் எடுத்துச் சரிபார்க்க முடியும்.

மரத்தை வெட்டவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் பெரியவர் மாற்றினார், ‘மாவிலங்கம்’ என்று தமிழில் பெரிதாக, அடியில் ‘குடிக்க அல்ல’ என்று சிவப்பில். தோழி வீட்டு வில்வப் பழத்தின் விதைகளை நர்சரிப் பையில் போட்டிருக்கிறார், நான்கு முளைத்திருக்கின்றன. போன வாரம் கீழே இறங்கியபோது, கன்று ஒன்றின் இலையைக் கிள்ளாமல் இரண்டு விரலால் தூக்கி, புளோக்குக்கு மேலே வந்த வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளி இருக்கு டீச்சர்” என்றார்.